ஓவர்கிளாக் வோல்டேஜும் ப்ராசஸர் தேய்மானமும்: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி

ஓவர்கிளாக் செய்ய, அதாவது ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, வோல்டேஜை ஏற்றினால் அது தேயுமா? தேயும். வோல்டேஜ் ஏற்ற ஏற்ற ப்ராசஸரின் ஆயுள் குறையும் என்பதில் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு குறையும் என்பதை வோல்டேஜ் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த வோல்டேஜில் சிப் எத்தனை டிகிரி சூட்டில், எத்தனை ஆம்பியர் இழுத்துக்கொண்டு, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 22 டிகிரி ஏசி அறையில் சோதித்தவர் "1.35 வோல்ட் வரை பயமில்லை" என்று எழுதியிருப்பார். மொட்டை மாடிக்கு நேர் கீழே, சித்திரை மதியத்தில் 36 டிகிரியில் கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கும் கீழக்கரை ஸ்டுடியோ அறைக்கு அந்த எண் பொருந்தாது.

இந்தக் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொண்டி முதல் சாயல்குடி வரை "ப்ராசஸர் போய்விட்டது" என்று ஒதுக்கப்படும் கம்ப்யூட்டர்களில் ப்ராசஸர் நன்றாக இருந்து, உப்பு பிடித்த ராம் (மெமரி) காலோ பவர் கனெக்டரோ காரணமாக இருக்கலாம். அதனால் வேலை இரண்டு: வோல்டேஜை அளவோடு வைப்பது, தேய்மானத்தையும் உப்பையும் பிரித்து அறிவது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "லைன்ல வோல்டேஜ் ஏறி இறங்குது, அதான் ப்ராசஸர் தேயுது" என்பது சரியல்ல. சுவரில் வரும் 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டாக்குகிறது. மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றியிருக்கும் விஆர்எம் அதை 1.2 வோல்ட் போல இறக்கிக் கொடுக்கிறது. மின்வாரிய லைன் 190-க்கு இறங்கினாலும் 250-க்கு ஏறினாலும் விகோர் என்னும் அந்தக் கடைசி வோல்டேஜ் அசையாது. லைன் ஏற்றத்தாழ்வு முதலில் கொல்வது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான். அதற்கு நல்ல எர்த்தும் யூபிஎஸ்ஸும் போதும். இனி இங்கே வோல்டேஜ் என்று வருவதெல்லாம் விகோர்தான்.

உள்ளே தேய்வது எது

தேய்மானம் மூன்று நான்கு வழிகளில் நடக்கிறது. முதலாவது எலெக்ட்ரோமைக்ரேஷன். சிப்புக்குள் ஓடும் மெல்லிய தாமிரத் தடங்களில் எலெக்ட்ரான் கூட்டம் வேகமாகப் பாயும்போது, ஆற்று வெள்ளம் கரை மண்ணை அரித்துக்கொண்டு போவதுபோல் உலோக அணுக்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் தடம் மெலிந்து குழி விழும், இன்னொரு பக்கம் மேடு தட்டும். மோட்டோரோலாவில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளாக் 1969-ல் எழுதிய சமன்பாட்டைக் கொண்டே இன்றும் இந்த ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். அதன்படி மின்னோட்ட அடர்த்தியின் இருமடிக்கு ஏற்ப ஆயுள் குறைகிறது. சூடு ஏறினால் இன்னும் கூர்மையாகச் சரிகிறது. தாமிரத் தடத்துக்கு 0.9 எலெக்ட்ரான்வோல்ட் என்ற மதிப்பைப் போட்டுப் பார்த்தால், 80 டிகிரியில் ஓடுவதை 90 டிகிரிக்குக் கொண்டுபோனாலே ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது. அதே கூலர், அதே வோல்டேஜ் என்றாலும் 25 டிகிரி அறைக்கும் 35 டிகிரி அறைக்கும் சிப் சூட்டில் இருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய அந்தப் பத்து டிகிரிதான்.

இரண்டாவது, டிரான்ஸிஸ்டரே சோம்பலாவது. டிரான்ஸிஸ்டரைத் திறந்து மூடும் கேட் மீது வோல்டேஜும் சூடும் சேர்ந்து அழுத்த அழுத்த, அது திறக்கத் தேவையான வோல்டேஜ் மெல்ல ஏறும். இதை பிடிஐ என்பார்கள். நேற்று 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு 1.23 வோல்ட் போதுமாக இருந்த சிப், சில வருடம் கழித்து 1.26 கேட்கும். அழுத்தம் எடுபட்டால் இந்தத் தேய்மானத்தில் ஒரு பகுதி மீளும் தன்மை உடையது. அதனால்தான் இரவெல்லாம் ரெண்டர் ஓடி விடியற்காலையில் தடுமாறிய சிஸ்டம், அணைத்து வைத்துச் சாயங்காலம் போட்டால் சரியாகிவிட்டதுபோல் தெரியும். அதை நம்பிவிடக் கூடாது. மீளாத பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. வேகமாகப் பாயும் எலெக்ட்ரான்கள் கேட் இன்சுலேஷனில் போய்ச் சிக்கிக்கொள்வது இதே வகைத் தேய்மானத்தின் இன்னொரு முகம்.

கடைசியாக, கேட்டின் அடியில் இருக்கும் மெல்லிய இன்சுலேஷனே ஓட்டை விழுந்து உடைவது. இதற்கு வோல்டேஜ்தான் நேரடி எமன். கொஞ்சம் ஏற்றினாலும் ஆயுள் பல மடங்கு சரியும். 2002 வாக்கில் பென்டியம் 4 நார்த்வுட் சிப்புகளை 1.7 வோல்ட்டுக்கு மேல் ஓட்டியவர்களுக்கு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவை திடீரென்று செத்துப்போனது அந்தக் காலத்தில் பேர்போன சங்கதி.

அண்மைக்கால உதாரணம் இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள். ஓவர்கிளாக் செய்யாமலே, பயாஸும் (கம்ப்யூட்டரைத் தொடங்கும் மதர்போர்டு மென்பொருள்) மைக்ரோகோடும் (சிப்புக்குள்ளேயே ஓடும் கட்டளைத் தொகுப்பு) அளவுக்கு மேல் வோல்டேஜ் கேட்டதால் கோருக்குள் (சிப்பில் கணக்குப் போடும் பிரிவு) இருக்கும் கிளாக் சுற்று தேய்ந்து, சிப் ஓடத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ் மேலே நகர்ந்தது. 2024-ல் இன்டெல்லே இதை ஒப்புக்கொண்டு 0எக்ஸ்129, 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடுகளை வெளியிட்டது, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் இனிமேல் தேய்வதைத்தான் தடுக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது. உங்களிடம் அந்தத் தலைமுறை சிப் இருந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் பயாஸைப் புதுப்பித்து, "இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்" தேர்ந்தெடுங்கள்.

அளந்து ஏற்றும் முறை

முதலில் பயாஸில் டிஃபால்ட் செட்டிங் போட்டு, எதையும் மாற்றாமல் அளவெடுங்கள். அறையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளை 10 நிமிடம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவு காட்டும் மென்பொருளில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அறைச் சூடு, கோரின் உச்சச் சூடு, லோடில் (முழு வேலையில்) விகோர், பேக்கேஜ் வாட் (சிப் மொத்தமாக இழுப்பது). விஐடி என்று காட்டுவது சிப் கேட்கும் வோல்டேஜ்தான், கிடைக்கும் வோல்டேஜ் அல்ல. ரைசன் ஏஎம்4 போர்டுகளில் "எஸ்விஐ2 டிஎஃப்என்" என்று முடியும் வரியையும், இன்டெல் போர்டுகளில் "விஆர் விஅவுட்" இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் போர்டு சென்ஸரின் விகோரைத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

ரைசன் 5000-ல் சும்மா இருக்கும்போது 1.45 காட்டுகிறதே என்று பதற வேண்டாம். ஒன்றிரண்டு கோர் மட்டும் சின்ன வேலைக்கு எழும்பும் நேரத்தில் ஆம்பியர் குறைவு, சூடு குறைவு. சிப்பே அதைக் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறது. எல்லாக் கோரும் முழு லோடில் ஓடும்போது அதுவே 1.2, 1.3 என்று இறங்கிவிடும். அதே 1.45-ஐ நீங்கள் பயாஸில் எல்லாக் கோருக்கும் நிலையாகப் பூட்டினால் அது சிப்புக்குக் கேடு.

அடுத்து ஏற்றுவதற்கு முன் இறக்கிப் பாருங்கள். இந்தக் கரைக்கு நாங்கள் முதலில் சொல்வது அண்டர்வோல்ட்தான். ஆஃப்செட்டை (டிஃபால்ட் வோல்டேஜோடு கூட்டும் அல்லது கழிக்கும் அளவு) மைனஸ் 50 மில்லிவோல்ட்டில் ஆரம்பித்து, 10, 10-ஆகக் குறையுங்கள். ரைசன் 5000 அல்லது அதற்குப் பிந்தைய சிப் என்றால் பயாஸில் இருக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 வைத்து, கோர்சைக்ளர் மென்பொருளால் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே சோதியுங்கள். பல சிப்புகளில் வேகம் துளியும் குறையாமல் ஐந்தாறு டிகிரி சூடு இறங்கும். சூட்டின் எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த சிப் என்றால் வேகம் கூடவே செய்யும்.

அதற்கும் மேல் வேகம் வேண்டுமென்றால் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுங்கள், சோதியுங்கள், தடுமாறினால் மட்டும் 10 மில்லிவோல்ட் கூட்டுங்கள். ஒவ்வொரு படியையும் எழுதி வையுங்கள். உதாரணத்துக்கு ஒரு சிப் 4.4 கிகாஹெர்ட்ஸுக்கு 1.18 கேட்கிறது, 4.5-க்கு 1.20, 4.6-க்கு 1.23, 4.7-க்கு 1.28, 4.8-க்கு 1.36 என்று வைத்துக்கொள்வோம். முதல் படிக்கு 20 மில்லிவோல்ட் கேட்ட சிப் கடைசிப் படிக்கு 80 கேட்கிறது. இங்கே 4.6-ல் நின்றுவிட வேண்டும். ஒரு 100 மெகாஹெர்ட்ஸுக்கு 40 மில்லிவோல்ட்டுக்கு மேல் கேட்டால் அந்தப் படியைத் தொடாதீர்கள். சிப்பின் மின்செலவு வோல்டேஜின் இருமடிக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஏறும். இந்த உதாரணத்தில் 4.6-லிருந்து 4.8-க்குப் போனால் வேகம் 4 சதவீதம்தான் கூடுகிறது, சூடாகும் வாட் ஏறக்குறைய 28 சதவீதம் கூடுகிறது. மூன்று மணி நேர ரெண்டரில் ஏழு நிமிடம் மிச்சமாகும். அந்த ஏழு நிமிடத்துக்காக சிப்பைப் பலி கொடுப்பது சரியான கணக்கல்ல.

எத்தனை வோல்ட் வரை போகலாம்? 2011-ன் சேண்டி பிரிட்ஜ் ஐ5-2500கே போன்ற 32 நானோமீட்டர் சிப்புகளை 1.35-லும், ஹாஸ்வெல் சிப்புகளை 1.25, 1.30-லும் பலர் நீண்ட நாள் ஓட்டியிருக்கிறார்கள். முதல் தலைமுறை ரைசனுக்கு தினசரி ஓட்டத்துக்கு 1.35 வரை ஏற்கலாம், 1.45-ல் ஆயுள் பாதிக்கப்படலாம் என்பது 2017-ல் ஏஎம்டி சொன்ன அளவு. ரைசன் 3000, 5000 சிப்புகளில் எல்லாக் கோருக்கும் நிலையான வோல்டேஜ் என்றால் 1.25-ஐத் தாண்டாமல் இருப்பதே எங்கள் பரிந்துரை. இவை எல்லாம் லோடில் கிடைக்கும் வோல்டேஜ். ஏசி இல்லாத அறை என்றால் ஒவ்வொன்றிலும் 50 மில்லிவோல்ட் கழித்துக்கொள்ளுங்கள். முழு லோடில் கோர் சூடு 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்த எல்லையை வாடைக் காற்றடிக்கும் மார்கழியில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். அக்னி நட்சத்திர நாளில் மதியம் இரண்டு மணிக்கு அளக்க வேண்டும்.

எல்எல்சி என்ற செட்டிங்கில் பலர் சறுக்குகிறார்கள். லோடு ஏறும்போது விகோர் கொஞ்சம் இறங்குவது இயற்கை, அதற்கென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்த இறக்கத்தைச் சரிசெய்ய எல்எல்சியை உச்சத்தில் வைத்தால், லோடு சட்டென்று நிற்கும் நொடியில் வோல்டேஜ் நீங்கள் வைத்த எண்ணையும் தாண்டி எகிறும். மைக்ரோநொடிகளில் நடப்பதால் எச்டபிள்யூஇன்ஃபோ அதைக் காட்டாது, ஆஸிலோஸ்கோப்புக்குத்தான் தெரியும். ரெண்டர் வேலையில் லோடு ஏறுவதும் இறங்குவதும் ஓயாது நடக்கும். நடுத்தர அளவு போதும். எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ஆசஸ் போர்டில் எண் கூடக் கூட இறுக்கம் கூடும், எம்எஸ்ஐ, ஆஸ்ராக் போர்டுகளில் 1 என்பதுதான் உச்ச இறுக்கம்.

ராமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ போடும்போது போர்டு தானாகவே எஸ்ஓசி (சிப்பில் ராமைக் கையாளும் பகுதி) வோல்டேஜை ஏற்றிவிடும். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோடு கருகியதற்கு இதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதன்பின் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் பூட்டியது. ரைசன் 7000 மாட்டும் ஏஎம்5 போர்டில் பழைய பயாஸ் இருந்தால் இன்றே மாற்றுங்கள். டிடிஆர்5-6000 ராமுக்கு 1.20, 1.25-லேயே பெரும்பாலும் ஓடும்.

சோதனை என்று பிரைம்95 மென்பொருளின் கடுமையான ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையை 24 மணி நேரம் ஓட்டுவது தேவையில்லை. உச்ச ஆம்பியரில் உச்ச சூட்டில் ஒரு நாள் முழுக்க ஓட்டுவதே தேய்மானம்தான். ஒரு மணி நேரம் அது, ஒரு மணி நேரம் ஒய்-க்ரஞ்சர் சோதனை, பிறகு உங்கள் சொந்த வேலையே ஒரு முழு இரவு. காலையில் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் (WHEA-Logger) 18, 19 எண் பிழைகள் இருக்கின்றனவா பாருங்கள். 19 என்பது சிப் தானே திருத்திக்கொண்ட பிழை, திரையில் எதுவும் தெரிந்திருக்காது. அது ஒன்று வந்தாலும் அந்த ஓவர்கிளாக் நிலையானது இல்லை.

உப்பா, தேய்மானமா

மண்டபத்தில் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) துருப்பிடிப்பை ஆராய ஒரு பிரிவே வைத்திருக்கிறது. 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துரு தாங்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். அந்தக் காற்றைத்தான் உங்கள் சிபியூ ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே நீரை இழுத்துக் கசியும். கசிந்த உப்புநீர் மின்சாரம் கடத்தும், தாமிரத்தில் பச்சைக் களிம்பு ஏற்றும், அலுமினிய ஹீட்சிங்கில் வெள்ளைப் பொடி கட்டும்.

இரண்டையும் பிரிப்பதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. தேய்மானம் வானிலையைப் பார்க்காது. ஒரே வேகம், ஒரே வோல்டேஜ், ஒரே சூட்டில் எப்போது ஓட்டினாலும் தடுமாறும். 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்தால் சரியாகும். உப்புக் கோளாறு வந்து வந்து போகும். ஈரம் இறங்கிய விடியற்காலையில் ஆன் ஆகாது, மூன்றாவது முறை அமுக்கினால் ஆன் ஆகும், சூடான பிறகு ஒழுங்காக ஓடும். ராமைக் கழற்றி மாட்டினால் ஒரு வாரம் தொல்லை இருக்காது. பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கையில் சிஆர்சி பிழை (கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தாதது), அல்லது அன்ரியல் என்ஜின் கேம் திறக்கும்போது கிராபிக்ஸ் மெமரி நிறைய இருந்தும் "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று வருவது, இவை இன்டெல் 13, 14-ல் தேய்மானத்தின் அடையாளங்கள். ஆனால் கெட்ட ராமும் சிஆர்சி பிழை கொடுக்கும். அதனால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ டிஃபால்ட் செட்டிங்கில் நான்கு சுற்று ஓட்டித் தெளிந்த பிறகே ப்ராசஸரைச் சந்தேகியுங்கள்.

சுத்தம் செய்ய, பிளக்கை உருவிவிட்டு பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கி, மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு மங்கி, விளிம்பில் பச்சைப் புள்ளி தெரிந்தால் அதுதான் களிம்பு. வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் மென்மையாகத் தேய்த்து, 99 சதவீத ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். ப்ராசஸர் சாக்கெட்டுக்குள் இருக்கும் பின்களைத் தொடவே கூடாது, ரப்பர் ப்ளோயரால் ஊதினால் போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். டூவீலர் ஒர்க்‌ஷாப் கம்ப்ரெஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும்.

அடுத்து ப்ராசஸருக்குப் போகும் 8 பின் பவர் கனெக்டர். 200 வாட் சிப் 12 வோல்ட்டில் 17 ஆம்பியர் இழுக்கும், அது நான்கு பின்களில் நாலு நாலு ஆம்பியராகப் பிரிகிறது. ஒரு பின்னில் களிம்பு ஏறினால் அதன் பங்கு மற்ற மூன்றின் தலையில் விழும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ கேபிளோடு மாற்ற வேண்டும், துடைத்துப் பயனில்லை. லோடில் 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ்தான் முதல் சந்தேகம். இந்தச் சூட்டில் ப்ராசஸருக்கு முன்பே எஸ்எம்பிஎஸ் கெபாசிட்டர்கள் வற்றிவிடும்.

கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலில் இருந்து தள்ளி வையுங்கள். காற்று நுழையும் இடத்தில் நைலான் வலை கட்டி 15 நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவாதீர்கள்: உவர் நீர் காய்ந்தால் வலையிலேயே உப்பு படியும், அதையே ஃபேன் உள்ளே இழுக்கும். குடிக்க வாங்கும் தண்ணீரில் ஒரு செம்பு போதும். தெர்மல் பேஸ்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாதக்கணக்கில் மூடி வைக்கும் கம்ப்யூட்டர், தினமும் ஓடுவதைவிட வேகமாக உப்புக்கு இரையாகும், ஏனென்றால் ஓடும் கம்ப்யூட்டரின் சூடே ஈரத்தை விரட்டும். ஊருக்குப் போகும்போது கேபினெட்டுக்கு உறை போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வையுங்கள்.

வருடாந்திரக் குறிப்பு

தேய்மானத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. எண்ணால்தான் பார்க்க முடியும். ஒரு நோட்டில் இதை எழுதி வையுங்கள். சிப்பின் வேகத்தை ஒரு எண்ணில் பூட்டுங்கள், 4.2 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 1.20 வோல்ட்டில் தொடங்கி 10 மில்லிவோல்ட்டாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிழை வராமல் ஓடிய கடைசி வோல்டேஜ்தான் உங்கள் சிப்பின் அன்றைய குறைந்தபட்சம். தேதி, அறைச் சூடு, பயாஸ் பதிப்பு, எல்எல்சி அளவு எல்லாவற்றையும் பக்கத்தில் குறியுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில், அதே செட்டிங்கில் திரும்பச் செய்யுங்கள். சிப்பின் சூடு மாறினால் இந்த எண்ணும் மாறும் என்பதால் தை மாத அளவையும் வைகாசி அளவையும் ஒப்பிடுவது பயனற்றது. 10 மில்லிவோல்ட் வித்தியாசம் அளவையின் ஆட்டம்தான். 30 ஏறியிருந்தால் அது தேய்மானம். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் ப்ராசஸர் வாங்கினால், வந்த அன்றே இந்த அளவை எடுத்துவிடுங்கள். டிஃபால்ட் செட்டிங்கிலேயே தடுமாறினால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

தேய்ந்தது தெரிந்தால், வோல்டேஜ் கூட்டி அதே வேகத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கூட்டிய வோல்டேஜ் இன்னும் வேகமாகத் தேய்க்கும், ஆறு மாதத்தில் மறுபடி கூட்டச் சொல்லும். 200 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள், வோல்டேஜைப் பழைய எண்ணிலேயே விடுங்கள். அந்தச் சிப் இன்னும் பல வருடம் உழைக்கும். டிஃபால்ட் செட்டிங்கிலேயே பிழை வந்தால் வாரன்டிக்குப் போக வேண்டியதுதான். இன்டெல் 13, 14-ம் தலைமுறையில் நீட்டிப்புக்கு உட்பட்ட சிப்பாக இருந்தால், பெட்டியோடு வாங்கியவற்றுக்கு வாங்கிய நாளிலிருந்து 5 வருடம் கணக்கு. கம்ப்யூட்டராகச் சேர்த்து வாங்கியிருந்தால் கம்ப்யூட்டர் கம்பெனியிடம் கேட்க வேண்டும். பில் தாளில் அச்சான எழுத்து இந்தச் சூட்டில் ஒரு வருடத்திலேயே வெளுத்துவிடும், வாங்கிய அன்றே பில்லையும் பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.